எந்தப் பிரதியை நம்புவது?

பழைய காரைப் புதுப்பிக்க இறங்குகிறவர்கள் முதலில் உதிரிபாகங்களைத் தேடுவார்கள். சகோதரர்களான நாங்கள் இருவரும் முதலில் தேடியது ஒரு புத்தகத்தை. அதற்குக் காரணம் உண்டு.

திருக்கழுக்குன்றத்தில் எங்கள் வீட்டுக் கொட்டகையில் நிற்பது அப்பாவின் ஸ்டாண்டர்டு ஹெரால்டு மார்க் 3. அதிகத் தொலைவில்லாத வண்டலூரில், ஸ்டாண்டர்டு மோட்டார் ஆலையில் பிறந்த வண்டி. 1991இல் செங்கற்பட்டுச் சாலையில் ஒரு வளைவில் திரும்பியபோது அதன் முன்சக்கரம் உட்புறமாக மடிந்து சாய்ந்துவிட்டது. வேகம் குறைவாக இருந்ததால் அப்பா பிழைத்தார். அதன்பின் அவர் அதைத் தொடவில்லை. "இரும்பு கிழடாகிவிட்டது" என்றார் மெக்கானிக். நாங்களும் நெடுநாள் அப்படியே நம்பியிருந்தோம்.

அப்பா மறைந்த பிறகு வண்டியை மீட்க முடிவு செய்தபோது இரண்டு கையேடுகள் முன்னின்றன. ஒன்று, டிரையம்ப் தொழிற்சாலை வெளியிட்ட பட்டறைக் கையேடு. அது கம்பெனித் தொழிலாளிக்காக எழுதப்பட்டது. அவனிடம் சிறப்புக் கருவிகள் இருக்கும் என்று கருதிக்கொண்டே பேசும். மற்றது ஹேன்ஸ் கையேடு. ஜான் ஹேன்ஸ் 1966இல் தொடங்கிய அந்த வரிசை, வண்டியைக் கழற்றிப் பூட்டியபடியே படமெடுத்து, வீட்டு முற்றத்தில் வேலை செய்கிறவனுக்காக எழுதப்பட்டது.

சிக்கல் என்னவென்றால், இரண்டும் இங்கிலாந்து வண்டியைப் பற்றியவை. அங்கே 1959இல் 948 சிசி எஞ்சினோடு வந்த ஹெரால்டு, பின்னர் 1147, 1296 சிசி என்று வளர்ந்தது. இங்கே கடைசிவரை 948தான். 1968இல் வந்த மார்க் 3க்கு முகம் அங்கத்திய 13/60 மாதிரி. எஞ்சின் அதற்கு முந்திய தலைமுறை. நான்கு கதவுகளோ சென்னையிலேயே வடிவமைக்கப்பட்டவை. எங்கள் வண்டி முழுமையாக எந்த நூலிலும் இல்லை. ஏட்டுச் சுவடிகள் பலவற்றை ஒப்பிட்டுப் பாடம் தேர்ந்த உ.வே.சாமிநாதையரின் உழைப்பை அந்த நாட்களில் அடிக்கடி நினைத்துக்கொண்டோம்.

ஆகவே ஒரு சோதனை வைத்தோம். அப்பாவை வீழ்த்திய அந்த முன்சக்கர மூட்டைப் பற்றி நூல் என்ன சொல்கிறது? அதற்கு ட்ரன்னியன் என்று பெயர். சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துத் தண்டின் கீழ்முனையில் மரை இருக்கும். அது ஓர் உலோக உறைக்குள் திருகி நிற்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரைதான் சுழல்கிறது. தொழிற்சாலைக் கையேட்டின் கட்டளை தெளிவாக இருந்தது: அடைப்பைக் கழற்றி நிப்பிளைப் பூட்டி, கிரீஸ் துப்பாக்கியில் கியர் எண்ணெயை நிரப்பி, எண்ணெய் கசிந்து வெளிவரும்வரை செலுத்த வேண்டும். கிரீஸ் அல்ல, எண்ணெய். கிரீஸ் மரையின் இடுக்குகளுக்குள் சரியாக இறங்காது; நாளடைவில் இறுகிவிடும். உள்ளே நீர் புகுந்து துருவேறி, தண்டு ஒருநாள் முறிந்துவிடும்.

அன்றிரவு அப்பாவின் கணக்கு நோட்டுகளை எடுத்துப் பார்த்தோம். மாதந்தோறும், தவறாமல், அவருடைய சீரான கையெழுத்தில்: "கார், கிரீஸ் அடித்த கூலி". ஒரு மாதம்கூட விடுபடவில்லை. வண்டி கவனிப்பாரற்றுக் கெடவில்லை. மிகுந்த அக்கறையோடு, தவறான பொருளால் கெட்டிருக்கிறது. அந்தப் பக்கத்தை அவர் வாசித்திருந்தால் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை. மெக்கானிக்கின் மேலும் கோபம் வரவில்லை. அவருக்கும் அந்தப் பக்கத்தை யாரும் காட்டியிருக்க மாட்டார்கள்.

இறுதியில் இரண்டையுமே வாங்கினோம். தொழிற்சாலைக் கையேடு எங்களுக்கு மூலம், ஹேன்ஸ் உரை. சிறப்புக் கருவி வேண்டும் என்று மூலம் கைவிரிக்கும் இடங்களில் உரை மாற்றுவழி சொல்கிறது. இரண்டும் மௌனமாகிவிடும் அந்த நான்கு கதவுகளுக்கு, கழற்றும்போதே படமெடுத்து, அப்பாவின் நோட்டில் மிஞ்சிய வெற்றுத்தாள்களில் நாங்களே எழுதிவருகிறோம்.

சென்ற வாரம் புதிய தண்டுகளைப் பொருத்தி எண்ணெய் செலுத்தினோம். கையேடு சொன்னபடியே அது கசிந்து வெளியே வந்தது. தரையில் விழுந்த சொட்டுகளைத் துடைக்க எங்கள் இருவருக்குமே மனம் வரவில்லை.