நன்று என்னும் ஒரு சொல்

எம் தமக்கையார் அமெரிக்க ஐக்கிய நாட்டில் மயக்கமருந்துச் செவிலியர் ஆதற்குப் பயின்று வருகின்றார். தமிழ் ஆனர்ஸ் வகுப்பினராகிய யாம் அத்துறையைப்பற்றி எழுதத் துணிந்தமை அன்பர் சிலர்க்கு வியப்பாகலாம். ஆயினும், மாணவர் திறமையை மதிப்பிடுதல் எல்லாக் கல்விக்கும் பொதுவாதலாலும், அவர் கூறிய நிகழ்ச்சியொன்று எம் நெஞ்சைவிட்டு நீங்காமையாலும் இதனை எழுதலானோம்.

அந்நாட்டில் சத்திர சிகிச்சைக்கு மயக்கமருந்து கொடுக்கும் பணியைச் செவிலியர் நெடுங்காலமாகச் செய்து வருகின்றனர். மின்னசோட்டா மாகாணத்தில் பணிபுரிந்த ஆலிஸ் மகா என்னும் செவிலியர், 14,000-க்கு மேற்பட்ட நோயாளருள் ஒருவரேனும் மயக்கமருந்தால் இறந்திலர் என்று 1906-ஆம் ஆண்டில் எழுதி வெளியிட்டார். 1945-ஆம் ஆண்டில் இத்தொழிலுக்கெனத் தகுதித் தேர்வு முதன்முதலாக நடைபெற்றது. இப்பொழுது பயில்வோர், தீவிர சிகிச்சைப் பிரிவில் ஓராண்டேனும் பணிபுரிந்தவராதல் வேண்டும். பயிற்சிக் காலத்தில் குறைந்தது 600 நோயாளருக்கு மயக்கமருந்து கொடுத்து, 2,000 மணி நேரம் மருத்துவமனையிற் பழகுதலும் வேண்டும்.

ஏட்டறிவை எழுத்துத் தேர்வு காட்டிவிடும்; கையின் திறமும் கண்ணின் விழிப்பும் நோயாளியின் அருகிலன்றிப் புலப்படா. ஆதலின், உடன் நிற்கும் ஆசிரியர் நாள்தோறும் ஒரு மதிப்பீட்டுத் தாளை நிரப்புவர். நோயாளியின் வாயையும் கழுத்தையும் முன்னரே ஆராய்ந்தனரா, கருவியைச் சோதித்தனரா, மருந்தேற்றிய ஊசிகளிற் பெயர் ஒட்டினரா, சிகிச்சை முடிந்தபின் அடுத்த செவிலியரிடம் யாவற்றையும் எடுத்துரைத்தனரா என்பன அதிற் காணப்பெறும்.

எம் தமக்கையாருக்கு மூன்று வாரமாக ஓர் ஆசிரியர் 'நன்று' என்றே எழுதி வந்தார். நான்காம் வாரத்தில் வேறோர் ஆசிரியை வந்தனர். அன்று நோயாளி மயங்கியபின் தமக்கையார் தொண்டை வழியே குழலைச் செலுத்தி, இரத்தத்திலுள்ள பிராணவாயுவின் அளவு குறையாமை கண்டு மகிழ்ந்தார். ஆசிரியையோ கரியமில வாயுவைக் காட்டும் திரையை நோக்கினார். அதில் அலை எழவில்லை. குழல் மூச்சுக்குழாயை விட்டு உணவுக்குழாயிற் சென்றிருந்தது! நுரையீரலை முன்னரே பிராணவாயுவால் நிரப்பியிருந்தமையின், இரத்தத்தில் அதன் அளவு உடனே குறையவில்லை. அவ்வெண்ணை நம்பி நின்றிருந்தால் சில நிமிடங்களில் பெருந்தீங்கு விளைந்திருக்கும். ஆசிரியை குழலை அகற்றுவித்து, முகமூடி வழியாக மூச்சளித்து, மீண்டும் செலுத்துவித்தார். நோயாளிக்கு ஊறொன்றும் நேரவில்லை.

அன்றைய தாளில், "குழலைச் செலுத்தியதும் முதலில் நோக்க வேண்டியதை நோக்கவில்லை. இனி, அலையைக் கண்டு வாய்விட்டுச் சொன்ன பின்னரே குழலைக் கட்டுக" என்று எழுதியிருந்ததாம். அன்றிரவு தமக்கையார் அழுதார். தொலைபேசியில் எம்மிடம், "தம்பி, முன்னவர் என்மேல் அன்புடையவர்தாம், ஆனால் இவருடைய அன்பு என்னோடு நில்லாமல் அந்த நோயாளியையும் எட்டியது" என்றார்.

இதனைக் கேட்டபோது யாம் நாணினோம். சென்ற ஆண்டு ஒரு சிற்றூர்ப் பள்ளியின் பேச்சுப் போட்டிக்கு நடுவராய்ச் சென்ற யாம், எவர் மனமும் நோகலாகாதென்று கருதி, எல்லார்க்கும் 'நன்று' என்றே எழுதினோம். ழகரம் நாவில் வாராத சிறுவனொருவன் எம் சொல்லை நம்பி வேறோர் அவையிற் பேசி, நகைப்புக்கு ஆளாகித் திரும்பினான். அவன் குறையை யாம் அறிந்திருந்தோம், சொல்லவில்லை. அதனை அன்பென்று எண்ணினோம். உண்மையில் அஃது எம் சோம்பலும், நல்லவரெனப் பெயரெடுக்கும் ஆசையுமேயாம்.

சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை, மாதவியின் ஆடலை விரிக்குமுன் அவளைப் பயிற்றிய ஆசிரியர்களின் இலக்கணத்தை விரித்துரைக்கின்றது. அம்முறையின் பொருள் இப்பொழுதுதான் எமக்கு விளங்கிற்று. மாணவரை அளக்கும் கோல் முதலில் நேராய் இருத்தல் வேண்டும். கண்டதைக் கண்டவாறு, கண்ட அன்றே, திருந்தும் வழியோடு சேர்த்துச் சொல்வதே மதிப்பீடாம்.

அச்சிறுவனுக்கு ஒரு கடிதம் எழுதியுள்ளோம். வரும் விடுமுறையில் அவன் ஊர் சென்று, ழகரத்தை அவனுடன் அமர்ந்து பயிற்றக் கருதியிருக்கின்றோம்.