முன்போலவே

கச்சத்தீவில் யாரும் குடியிருப்பதில்லை. 285 ஏக்கர் நிலம், குடிக்கத் தண்ணீர் கிடையாது. ஆனாலும் அங்கே ஒரு கோயில் இருக்கிறது: புனித அந்தோணியார் கோயில். நம்புதாளையைச் சேர்ந்த சீனிக்குப்பன் படையாட்சி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டியது என்று ராமநாதபுரக் கரையில் சொல்வார்கள். வலை உலர்த்தவும் இளைப்பாறவும் கரையேறிய மீனவர்களுக்கு அந்தச் சின்னக் கட்டடம் போதுமாக இருந்தது. வருடத்துக்கு ஒருமுறை இரு கரையிலிருந்தும் படகுகள் வரும். கொடியேற்றம், சிலுவைப்பாதை, தேர்பவனி, மறுநாள் காலைத் திருப்பலி. இரண்டே நாளில் தீவு மறுபடி காலி.

1974 ஜூனில் இந்தியாவும் இலங்கையும் கடல் எல்லையை வரைந்தபோது தீவு இலங்கைப் பக்கம் போனது. ஆனால் ஒப்பந்தத்தின் ஐந்தாவது பிரிவு, இந்திய மீனவர்களும் பக்தர்களும் 'இதுவரை போலவே' அங்கே வந்துபோகலாம், விசா வேண்டாம் என்றது. மீன்பிடிப்பும் இந்த 'இதுவரை'யில் சேர்ந்ததுதான் என்று மீனவர்கள் எடுத்துக்கொண்டார்கள். 1976இல் இரு அரசுகளும் எழுதிக்கொண்ட கடிதங்கள் அதை மறுத்தன. மிஞ்சியது திருவிழா.

என் அப்பத்தா தங்கச்சிமடத்துக்காரர். அவருடைய அக்கா வாழ்க்கைப்பட்டது நெடுந்தீவில். இருவரும் சந்தித்துக்கொண்டது கச்சத்தீவில்தான். இவர் சேலை கொண்டுபோவார். அவர் சோப்பும் தேங்காயெண்ணெயும் கொண்டுவருவார். "கோயிலுக்குப் போறோம்னுதான் சொல்லுவோம், அக்காவப் பாக்கப் போறோம்னு சொல்றதில்ல" என்பார் அப்பத்தா. போர் வந்தது, படகுகள் நின்றன. அக்கா இறந்த செய்தி கடிதத்தில் வந்தது, அதுவும் பல மாதம் கழித்து. போர் முடிந்து திருவிழா திரும்பத் தொடங்கியபோது, சிங்கப்பூரிலிருந்து அவரைக் கூட்டிப்போக அப்பா தயாராக இருந்தார். "அங்க போயி யாரப் பாக்க?" என்றார் அப்பத்தா.

சாமி இருக்கிறாரே என்று அப்பா சொல்லவில்லை.

இப்போது பெயர்ப் பட்டியல், அடையாள அட்டை, சோதனை எல்லாம் முடிந்துதான் படகு கிளம்புகிறது. 2016 டிசம்பரில் இலங்கைக் கடற்படை கட்டிய புதிய, பெரிய கோயில் திறக்கப்பட்டது. 2024 பிப்ரவரியில், தங்கள் ஆட்களைச் சிறையில் வைத்ததைக் கண்டித்து ராமேசுவரம் மீனவர்கள் திருவிழாவையே புறக்கணித்தார்கள். கையில் மிஞ்சியிருந்த ஒரே உரிமையைத்தான் அவர்கள் எதிர்ப்பாகக் கீழே வைத்தார்கள். அவர்களுடைய கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த வருடம் நெடுந்தீவுப் பக்கமிருந்து சோப்பும் எண்ணெயும் கட்டிக்கொண்டு யாராவது ஓர் அக்கா வந்திருந்தால், அந்த மூட்டையை என்ன செய்திருப்பார்?