கறுப்புக் குங்குமம்

அகஸ்தீசுவரத்தில் 1975இல் காலமான ஜே. சி. டேனியல் எடுத்த ‘விகதகுமாரன்’தான் மலையாளத்தின் முதல் மௌனப்படம். அதில் ஒரு சுருள்கூட இன்று மிஞ்சவில்லை. என்னிடம் ஒரு சுருள் இருக்கிறது. மூன்று நிமிஷம் ஓடும்.

1968இல் நண்பரிடம் 16 மில்லிமீட்டர் காமிராவை இரவல் வாங்கினேன். பிலிமுக்குத்தான் காசில்லை. பிரதி போடுவதற்கென்றே உண்டான பாஸிடிவ் பிலிம் மலிவாகக் கிடைத்தது. அது நீல ஒளியை மட்டுமே அறியும், சிவப்புக்குக் குருடு. வேகமும் சொற்பம். “நல்ல வெயிலில் எடுங்கள், சார்” என்றார் கடைக்காரர்.

கன்னியாகுமரிக் கடற்கரையில், உச்சி வெயிலில், அம்மாவை நிற்கவைத்து எடுத்தேன். கழுவி, பிரதி போட்டு, சுவரில் ஓட்டிப் பார்த்தால், வானம் வெள்ளையடித்த சுவர்போல் இருந்தது. மாநிறமான அம்மா கரியாக நின்றாள். நெற்றிக் குங்குமமும் கறுப்பு.

“ஏம் மக்கா, நான் இவ்வளவு கறுப்பா?” என்று சிரித்தாள்.

ராபர்ட் பிளாஹர்ட்டி சமோவாத் தீவில் ‘மோவானா’ (1926) எடுத்தபோது, சிவப்பறியாத பிலிமில் அந்த மக்களின் மேனி கறுத்துப்போவதைக் கண்டு, எல்லா நிறமும் உணரும் பான்குரோமாட்டிக்குக்கு மாறினார். எனக்கு அது பிற்பாடுதான் தெரிந்தது. நல்ல பிலிம் வாங்கி மறுபடி எடுக்கலாம் என்று தள்ளிப்போட்டே வந்தேன். அம்மா காத்திருக்கவில்லை.

போன மாதம் சுருளை ஓட்டினேன். பேத்தி கேட்டாள்: “அந்த ஆச்சி சாந்துப் பொட்டா தாத்தா வைப்பாங்க?”

குங்குமம்தான் என்றேன். அவள் நம்பியதாகத் தெரியவில்லை.