மஞ்சள் விளக்கும் மைனஸ் 40 டிகிரியும்

எங்க பக்கம் பழைய கார் வச்சிருக்கவங்கள்ல பாதிப் பேர் வண்டியில அந்த மஞ்சள் எஞ்சின் படம் எரிஞ்சுக்கிட்டேதான் இருக்கும். கேட்டா, "அது வாங்குனதுல இருந்தே அப்படித்தானுங்க" என்பார்கள். ஒருத்தர் அது மேல கறுப்பு இன்சுலேஷன் டேப்பை வெட்டி ஒட்டியிருந்தார். ராத்திரியில கண்ணு கூசுதாம்.

இதைவிட மோசம், எரியவே எரியாத விளக்கு. சாவியைத் திருப்பி எஞ்சினை ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி எல்லா விளக்கும் ஒருக்கா எரியணும். வண்டி ஸ்டார்ட் ஆனதும் அணையணும். அந்த மஞ்சள் படம் மட்டும் எரியலைன்னா, விக்கிறதுக்கு முன்னாடி யாரோ அதோட வாயைக் கட்டியிருக்காங்கன்னு சந்தேகப்படலாம். பழைய வண்டி பாக்கப் போறவங்க பெயின்ட்டைத் தட்டிப் பாக்கறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க.

என்னோடது 2014 மாடல் பெட்ரோல் வண்டி, ரெண்டாவது கை. அம்மாவுக்கு வாரம் ரெண்டு நாள் ஈரோட்டுல டயாலிசிஸ். வெள்ளகோவில் பக்கத்துல இருந்து விடியக்காலைல கிளம்பணும். அதனால ஒரு விளக்கு எரிஞ்சா, இன்னைக்கு இதை நம்பிக் கிளம்பலாமா வேண்டாமான்னு எனக்கு அப்பவே தெரிஞ்சாகணும்.

சிவப்பு விளக்குன்னா யோசிக்கவே வேண்டாம். எண்ணெய்க் குடம் படம் சிவப்பா எரிஞ்சா ஆயில் பிரஷர் இல்லைன்னு அர்த்தம். ஓரங்கட்டி உடனே எஞ்சினை அணைக்கணும். சூடு காட்டுற படத்துக்கும் அதேதான். பேட்டரி படம் எரிஞ்சா சார்ஜ் ஏறலை, பேட்டரி தாங்குற வரைக்கும்தான் வண்டி ஓடும். மஞ்சள் எஞ்சின் படம் அசையாம எரிஞ்சு, வண்டி எப்பவும் போல ஓடுதுன்னா ஊர் போய்ச் சேந்து பாத்துக்கலாம். அதே விளக்கு விட்டு விட்டு மின்னுச்சுன்னா கதை வேற.

போன மாசி மாசம் முத்தூர் தாண்டினதும் வண்டி குலுங்க ஆரம்பிச்சுது. மேட்டுல இழுக்கலை, விளக்கு மின்னுது. பின்சீட்டுல அம்மா. ஏதோ ஒரு சிலிண்டர்ல தீ பிடிக்கலைன்னா அந்தப் பெட்ரோல் எரியாம அப்படியே சைலன்சர் பக்கம் போகும். அங்க இருக்குற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர்ல போய் எரியும். கன்வெர்ட்டர் உள்ள இருக்குற தேன்கூடு மாதிரி கல்லே உருகிப் போற அளவுக்குச் சூடாகும். அதை மாத்தணும்னா ஒரு கறவை மாட்டுக் காசு. ரோட்டோரம் பூராவும் காஞ்ச புல்லு வேற. புல்லு மேல நிறுத்தாம, ஒரு டீக்கடைக்கு முன்னாடி மண் தரையாப் பாத்து நிறுத்தினேன். மச்சானுக்கு போன் அடிச்சேன். அவர் வண்டியில அம்மாவை ஏத்தி அனுப்பிட்டு நான் அங்கேயே இருந்துட்டேன்.

என்கிட்ட ஒரு சின்ன ஸ்கேனர் இருக்கு. தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெருசு. ஸ்டியரிங்குக்குக் கீழ 16 ஊசி உள்ள ஒரு சாக்கெட் இருக்கும், அதுல சொருகிட்டா புளூடூத் வழியா செல்போன்ல எல்லாம் தெரியும். (நம்ம நாட்டுல பிஎஸ்4 கார்களுக்கு இந்த ஓபிடி 2010-ல முதல் கட்டமாவும், 2013-ல ரெண்டாம் கட்டமாவும் வந்துச்சு. அதுக்கு முந்தின வண்டிகள்ல சாக்கெட் இருந்தாலும் சல்லிசான ஸ்கேனர் பல நேரம் பேசாது.) பி0302 காட்டுச்சு. ரெண்டாம் நம்பர் சிலிண்டர் சரியா வேலை செய்யலை, அவ்வளவுதான் அதுக்கு அர்த்தம். காயிலா, பிளக்கா, இன்ஜெக்டரான்னு அது சொல்லாது.

எஞ்சின் ஆறட்டும்னு ஒரு டீ குடிச்சேன். அப்புறம் 10 எம்எம் ஸ்பேனர் போட்டு ரெண்டாவது காயிலைக் கழட்டி மூணாவதுல வச்சேன், மூணாவதை ரெண்டாவதுல. கோடை அழிச்சுட்டு ஸ்டார்ட் பண்ணினா அதே குலுக்கல். இப்ப பி0303. காயில் போன இடத்துக்கு நோவும் கூடவே போயிருச்சு, அப்ப காயில்தான். முத்தூருக்கு ஒரு பையன் பைக்ல கூட்டிட்டுப் போனான். 1,800 ரூபாய்க்குப் புதுசு வாங்கியாந்து மாட்டினேன். மத்தியானம் ஆஸ்பத்திரியில அம்மா கேட்ட முதல் கேள்வி, "அந்த வெளக்கை அணைச்சுட்டியா சாமி?"

போர் மோட்டார் ஓடலைன்னா எடுத்த எடுப்புல யாராவது 600 அடிக் குழாயைத் தூக்குவோமா? மூணு ஃபேஸும் வருதா, ஃபியூஸ் நல்லாருக்கா, ஸ்டார்ட்டர்ல ஒயர் கருகியிருக்கான்னுதான் பாப்போம். கடைசியிலதான் கப்பி. ஆனா கார்னு வந்துட்டா, ஸ்கேனர்ல ஒரு சென்சார் பேர் வந்ததும் அந்தச் சென்சாரை வாங்க ஓடிடறோம்.

ரெண்டு வருசத்துக்கு முந்தி ஒரு சித்திரை மாசம். வண்டி நின்னுக்கிட்டிருக்கும்போதும் ரேடியேட்டர் ஃபேன் நிக்காம ஓடுது, மைலேஜ் விழுந்துருச்சு. ஸ்கேனர்ல பி0118, கூலன்ட் சூடு பாக்கற சென்சார். போன்ல எஞ்சின் சூட்டைப் பாத்தா மைனஸ் 40 டிகிரி! நம்மூர் வெயில்ல! இமயமலையில கூட வண்டி நிக்கலை, புளியமரத்தடியில நிக்குது.

அந்த மைனஸ் 40-ல ஒரு சூட்சுமம் இருக்கு. இந்தச் சென்சார் சூடு ஏற ஏறத் தடை குறையுற ஒரு பொருள். ஒயர் அறுந்துட்டா தடைக்கு எல்லையே இல்லை. அதைப் பெரும் குளிர்னு கம்ப்யூட்டர் எடுத்துக்கும். கப்ளரைக் கழட்டி, ஒயர் பக்கத்து ரெண்டு ஊசியையும் ஒரு துண்டுக் கம்பியால சேத்துப் பாத்தேன். ஒயர் நல்லாருந்தா காட்டுற சூடு 100-க்கு மேல எகிறணும். எகிறலை, அதே மைனஸ் 40. அப்ப சென்சார் மேல குத்தமில்லை. ஒயரைப் பிடிச்சுக்கிட்டே போனேன். ஏர் ஃபில்டர் பெட்டிக்குப் பின்னாடி எலி கடிச்சு வச்சிருக்கு. பக்கத்துச் சாளையில கடலைக்காய் மூட்டை அடுக்குன வருசம் அது. சோல்டர் வச்சு, மேல ஸ்லீவ் போட்டு முடிச்சேன். வெறுமனே முறுக்கி டேப் சுத்தினா ஆறு மாசத்துல உள்ள பச்சை பூத்து மறுபடியும் அதே விளக்குதான். எலிக்குப் புகையிலை கட்டித் தொங்கவிடச் சொன்னாங்க. ஒரு மாசம் கேட்டுச்சு. மூட்டையை இடம் மாத்தினது நல்லாக் கேட்டுச்சு.

காசு விசயத்துல நெஞ்சு அடிச்சுக்கிட்டது பி0171-க்குத்தான். காத்து அதிகம், பெட்ரோல் கம்மின்னு சொல்ற கோடு. டவுன்ல மெக்கானிக் தம்பி பாத்துட்டு, "ஆக்ஸிஜன் சென்சார் போச்சுங்ணா, 8,500 ஆகும்"னு சொன்னான். மஞ்சள் இன்னும் விக்கலை, கையில இருந்தது ஆஸ்பத்திரிக் காசு. "ஒரு நாள் பொறு தம்பி, நானும் பாத்துடறேன்"னு வந்துட்டேன்.

ஆக்ஸிஜன் சென்சார் வோல்டேஜ் 0.1-க்கும் 0.9-க்கும் நடுவுல ஊஞ்சல் மாதிரி ஆடிக்கிட்டிருக்கணும். அசையாம ஒரே இடத்துல கிடந்தாத்தான் அது மேல சந்தேகம். என் வண்டியில ஆடிக்கிட்டுத்தான் இருந்துச்சு. அடுத்து ஃப்யூயல் ட்ரிம்னு ஒரு கணக்கு. காத்துக்குத் தகுந்த மாதிரி பெட்ரோலை எவ்வளவு கூட்டிக் குறைக்குதுன்னு அது காட்டும். ஐடில்ல பிளஸ் 22 சதவீதம். ஆக்ஸிலேட்டரை மிதிச்சு 2,500 சுத்துல வச்சா 6-க்கு இறங்குது.

வாய்க்கால்ல மதகுல அளந்து விட்ட தண்ணி ஒண்ணு, நடுவுல ஓடையில இருந்து வந்து சேர்ற தண்ணி ஒண்ணுன்னு வச்சுக்குங்க. மதகைக் கொஞ்சமாத் திறந்தப்ப ஓடைத் தண்ணி பெருசாத் தெரியும், முழுசாத் திறந்துட்டாத் தெரியாது. அதே மாதிரிதான் இதுவும். அளக்கற சென்சாரைத் தாண்டி எங்கேயோ காத்து உள்ள நுழையுது. ஏர் ஃபில்டர்ல இருந்து எஞ்சினுக்குப் போற மடிப்பு மடிப்பான ரப்பர் ஹோஸைக் கழட்டி வளைச்சுப் பாத்தேன். அடி மடிப்புல ஒரு விரல் நீளத்துக்கு வெடிப்பு. மாட்டியிருக்கும்போது கண்ணுக்குத் தெரியாது. புது ஹோஸ் 700 ரூபாய். ஆக்ஸிஜன் சென்சார் உள்ளதைத்தான் சொல்லியிருக்கு, பாவம்.

அந்தத் தம்பி ஏமாத்தினான்னு நான் சொல்ல மாட்டேன். நல்ல கைகாரன். நாள் ஒண்ணுக்குப் பத்து வண்டி வருது, எல்லாருக்கும் அவசரம். "கோடை அழிச்சுக் குடு, போதும்"னு நாமதான் நிக்கறோம். அழிச்சா, கோளாறு வந்த நொடியில வேகம் என்ன, சூடு என்னன்னு வண்டி எழுதி வச்சிருக்கற குறிப்பும் சேந்து போயிடும். நான் முதல்ல அதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக்குவேன். மறு வாரம் அந்தத் தம்பி கிழிஞ்ச ஹோஸைக் கேட்டு வாங்கிட்டுப் போய்க் கடையில மாட்டி வச்சிருக்கான்.

மேக்காலத் தோட்டத்து அண்ணன் வண்டியில இப்ப பி0500. வண்டி நல்லாத்தான் ஓடுது, ஸ்பீடு முள் மட்டும் பூஜ்யத்துலயே கிடக்குது. போன வாரம் சேத்துல மாட்டி டிராக்டர் வச்சு இழுத்தாங்க. அடியில ஏதாவது ஒயர் இழுபட்டிருக்கும்னு எனக்கு ஒரு நினைப்பு. ஞாயித்துக்கிழமை ஜாக்கி போட்டுத் தூக்கிப் பாக்கலாம்னு சொல்லியிருக்கேன். அதுவரைக்கும் சென்சார் வாங்கிடாதீங்கண்ணான்னு ரெண்டு தடவை போன் பண்ணிட்டேன்.