பெரியவர் மேல் போட்ட பழி

என் தொழுவத்தில் இரண்டு எருமைக் கடாக்கள் செத்ததற்கு நான்தான் காரணம். மாடு பார்த்த பெரியவர் இல்லை. இத்தனை காலம் ஊரில் நான் சொல்லிவந்தது பொய்.

ஆத்தூர்ப் பக்கம் குச்சிக்கிழங்குக் காடும் சேகோ மில்லும் அதிகம். மாவு எடுத்தபின் மிஞ்சும் திப்பியும், சீவிப்போட்ட தோலும் மலிவாகக் கிடைக்கும். கறிக்குக் கடா வளர்ப்பவனுக்கு அது வரம். திப்பியில் மாவுச்சத்து நிறைய, புரதம் மிகக் குறைவு; கடலைப் புண்ணாக்கும் தவிடும் கலந்துவிட்டால் கடா நன்றாகச் சதை வைக்கும். மில் கழிவு கறியாக மாறுவதில் எனக்கு இன்றைக்கும் பெருமைதான்.

தோல் சங்கதி வேறு. கிழங்கின் சதையைவிடத் தோலில் நஞ்சு அதிகம். தோல் நசுங்கியதும் அதிலிருக்கும் நொதி வேலை செய்து ஹைட்ரஜன் சயனைடு வெளிவரும். அது 26 டிகிரியிலேயே ஆவியாகிவிடுவதால், களத்தில் மெல்லிசாகப் பரப்பிக் கிளறிக் கிளறிக் காயவைத்தால் பெரும்பகுதி போய்விடும். குவியலாகக் கிடக்கும் ஈரத்தோலில் போகாது. அசைபோடும் மாட்டின் வயிற்று நுண்ணுயிர்களும் தோலிலிருந்து அந்த நஞ்சை விடுவித்துவிடுவதால் மாட்டுக்கு ஆபத்து கூடுதல். எல்லாம் தெரிந்துதான் செய்தேன்.

பொள்ளாச்சிச் சந்தைக்குக் கடா ஏற்ற வேண்டிய நேரம். மழை மூட்டத்தில் தோல் காயவில்லை. புண்ணாக்குக்குக் காசு போட மனம் வரவில்லை.

"உள்ளே ஈரமா இருக்குதுங்க, இன்னிக்கு வேண்டாமுங்க" என்றார் பெரியவர்.

"போடுங்க, ஒண்ணும் ஆகாது" என்றேன்.

கொஞ்ச நேரத்தில் கடாக்களுக்கு மூச்சிரைத்தது, வாயில் நுரை தள்ளியது, கால் பின்னி விழுந்தன. மருத்துவர் வந்து சோடியம் தயோசல்பேட்டை நரம்பில் ஏற்றி மற்றவற்றைக் காப்பாற்றினார். செத்த கடாக்களின் ரத்தம் பளிச்சென்று சிவந்திருந்தது. ரத்தத்தில் ஆக்சிஜன் இருந்தும் உடம்பு அதை எடுத்துக்கொள்ள முடியாத சாவு அது.

"ஈரத்தோலை யார் போட்டது?" என்று மருத்துவர் கேட்டார்.

"நான் வேண்டாம்னு சொல்லியும் இவர் போட்டுட்டாருங்க" என்றேன்.

பெரியவர் என்னைப் பார்த்தார். மறுத்துப் பேசவில்லை. கூலிக்கு நிற்பவர், கூடியிருந்த சனத்தின் முன்னால் என்னை எப்படிப் பொய்யன் என்பார்? அவர் பேச மாட்டார் என்று தெரிந்தே சொன்னேன். அதோடு விடாமல் நஷ்டத்தில் ஒரு பங்கை அவர் கூலியிலும் பிடித்தேன். சாணத்தைப் பார்த்தே மாட்டின் செரிமானத்தைச் சொல்லிவிடும் மனிதர். அதன்பிறகு யாரும் அவரைத் தொழுவத்துக்குக் கூப்பிடவில்லை. செங்கல் சூளைக்குப் போனார்.

மருத்துவரிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். பிடித்த கூலியோடு பெரியவர் வீட்டுக்குப் போகிறேன். அன்று கூடியிருந்தவர்களில் வரச் சம்மதித்தவர்களைக் கூட்டிக்கொண்டுதான் போகிறேன், அவர்கள் காதுபடச் சொல்வதற்காக. பணத்தை அவர் வாங்கிக்கொள்வாரா, வாசலிலேயே நிற்கவைப்பாரா, அது அவர் விருப்பம்.