விட்டுவிடும் சுத்தியல்

எங்கள் வீட்டு ஹார்மோனியத்தில்தான் நான் ஸரிகம பழகினேன். கட்டையை ஓங்கி அழுத்தினாலும் பூப்போலத் தொட்டாலும் அதில் ஒன்றுதான். ஒலியைக் கூட்டுவதும் குறைப்பதும் துருத்தி போடும் கையின் வேலை. அதைக் குறையென்று நான் நினைத்ததேயில்லை. முதன்முதலாகப் பியானோ முன் உட்கார்ந்த அன்று, விரல் அழுந்திய வேகத்துக்கு ஏற்ப ஒலி ஏறி இறங்கியபோது, கையை எடுத்துவிட்டுக் கொஞ்சநேரம் சும்மா இருந்தேன். என் விரலுக்குக் குரல் வந்துவிட்டது போலிருந்தது.

பிறகொரு நாள், சென்னையில் ஒரு தேவாலயத்துப் பியானோவுக்குச் சுருதி சேர்க்க வந்த பெரியவர் முன்பலகையைக் கழற்றி வைத்துவிட்டு, "தம்பி, ஒரு கட்டையை ரொம்ப மெதுவா அழுத்துங்க" என்றார். கட்டை இறங்க இறங்க, உள்ளே ஃபெல்ட் போர்த்திய சுத்தியல் தந்தியை நோக்கி நகர்ந்து வந்தது. இடையில் ஓர் அரிசிமணி கனமே மிச்சம். அந்த இடத்தில், விரல் இன்னும் அழுத்திக்கொண்டிருக்கும்போதே, சுத்தியல் நழுவிப் பின்னால் சாய்ந்துவிட்டது. சத்தமே இல்லை.

"பாத்தீங்களா, கடைசில விட்டுடும். விடலைன்னா தந்தி பேசாது."

மணியை அடித்த நாக்கு மணியோடேயே ஒட்டி நின்றால் நாதம் அங்கேயே செத்துப்போகும். சுத்தியலும் அப்படித்தான். விரல் கொடுத்த வேகத்தை வாங்கிக்கொண்டு, கடைசிச் சிறு தூரத்தை அது தன்னந்தனியாகக் கடந்து, தந்தியைத் தட்டிய கணமே விலகிவிட வேண்டும். விரல் தந்த வேகம்தான் ஒலியின் வலிமை. நான் மிக மெதுவாக அழுத்தியதால் தந்திவரை போக அதற்கு வேகம் போதவில்லை, அவ்வளவுதான்.

மேற்கத்திய இசையைப் புரட்டிப்போட்ட கண்டுபிடிப்புகள் பல. பதினோராம் நூற்றாண்டில் குய்தோ என்ற துறவி கோடு போட்டுச் சுரம் எழுதக் கற்றுக்கொடுத்தார். 1501-இல் பெட்ரூச்சி வெனிஸில் இசையை அச்சில் ஏற்றினார். எனக்கு நெருக்கமானது இந்த அரிசிமணி இடைவெளி.

அதைக் கண்டவர் பார்த்தலோமேயோ கிறிஸ்தோஃபோரி, 1655-இல் பதுவாவில் பிறந்தவர். 1688-இல் ஃப்ளாரன்ஸ் இளவரசர் ஃபெர்டினாண்டோ தெ மெடிச்சியிடம் வேலைக்குச் சேர்ந்தார். புது வாத்தியம் செய்வதோடு, இருப்பவற்றைப் பழுதுபார்ப்பதும் அவர் பொறுப்பு. அன்று அரண்மனைகளில் ஒலித்த ஹார்ப்சிகார்டில் பறவை இறகின் தண்டு தந்தியைச் சுண்டும். எப்படி அழுத்தினாலும் ஒரே அளவுதான். கிளாவிகார்ட் விரலுக்கு இணங்கும், ஆனால் அடுத்த அறைக்குக் கேட்காது. 1700-இல் மெடிச்சி குடும்பத்தின் வாத்தியங்களைப் பட்டியல் எடுத்தவர், கிறிஸ்தோஃபோரி புதிதாகக் கண்டுபிடித்த ஒன்று என ஒரு வாத்தியத்தைக் குறித்து, அது மெல்லவும் ஓங்கியும் ஒலிக்கும் என்று எழுதியிருக்கிறார். இத்தாலிய மொழியில் மெல்ல என்பதற்கு 'பியானோ', ஓங்கி என்பதற்கு 'ஃபோர்த்தே'. பெயர் அங்கிருந்து வந்ததுதான்.

இவ்வளவு பெரிய காரியத்தை இத்தாலி கொண்டாடவில்லை என்பதில் எனக்கு இன்றும் வருத்தம். இந்த வாத்தியத்துக்கென்றே எழுதிய இசை அச்சில் வர 1732 ஆயிற்று: ஜுஸ்தீனியின் பன்னிரண்டு சொனாட்டாக்கள். ஜெர்மனியில் வாத்தியம் செய்த சில்பர்மான், கிறிஸ்தோஃபோரியின் சுத்தியல் பொறியைப் பின்பற்றிப் பியானோ செய்து இசையமைப்பாளர் பாக்கிடம் காட்டினார். மேல்சுரங்கள் பலவீனம், கட்டை கனம் என்றாராம் பாக். சில்பர்மானுக்குக் கோபம், ஆனாலும் பல வருஷம் உழைத்துத் திருத்தினார் என்று பாக்கின் மாணவர் அக்ரிகோலா எழுதிவைத்திருக்கிறார். 1777-இல்கூட, ஆக்ஸ்பர்க்கிலிருந்து அப்பாவுக்கு எழுதிய கடிதத்தில் மோட்சார்ட், ஸ்டைன் செய்யும் பியானோக்களில் சுத்தியல் விட்டுவிலகுகிறது, நூற்றில் ஒருவர்கூட இதற்கு மெனக்கெடுவதில்லை, இது இல்லாமல் அதிர்வும் இரைச்சலும் தீராது என்று ஆதங்கப்படுகிறார். கண்டுபிடித்து முக்கால் நூற்றாண்டு கழிந்தும் அந்த நிலை!

கிறிஸ்தோஃபோரி செய்த பியானோக்களில் இன்று எஞ்சியிருப்பவை மூன்றே மூன்று. 1720-இல் செய்தது நியூயார்க்கில், 1722-இல் செய்தது ரோமில், 1726-இல் செய்தது லைப்ஸிக்கில்.

தேவாலயத்துப் பியானோவில் ஒரு கட்டை மட்டும் 'டொக்' என்று அடைத்துக்கொண்டு பேசியது. பெரியவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு உள்ளே குனிந்தார். சுத்தியல் தாமதமாக விடுகிறது, தந்தியிலேயே முட்டி நின்றுவிடுகிறது. நீண்ட கம்பி ஒன்றை நுழைத்து, ஒரு சின்னத் திருகைக் கால்சுற்றுத் திருப்பினார்.

"இப்ப அடிங்க தம்பி."

அடித்தேன். ஆளில்லாத கடைசி பெஞ்சுவரை போய் வந்தது அந்தச் சுரம்.