மூட்டையும் மூச்சும்

ஊரை விட்டுப் புறப்படுகிற எவருக்கும் முதலில் எழும் கேள்வி, எதை எடுத்துச் செல்வது என்பதே. தில்லிக்கு வேலை தேடி வந்த எங்கள் பெற்றோரின் தலைமுறை ஒரு தகரப் பெட்டி, ஒரு படுக்கைச் சுருள், ஓர் ஊறுகாய் ஜாடி ஆகியவற்றுடன் கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸிலிருந்து இறங்கியது. அவர்களுடைய பிள்ளைகளாகிய நாங்கள், கணவனும் மனைவியுமாக, ஐம்பதை நெருங்கும் வயதில், ஆளுக்கொரு முதுகுப்பையை மாட்டிக்கொண்டு கரீபியக் கடலில் மூழ்கிப் பார்க்கப் புறப்பட்டபோது, அதே கேள்வியை ஓர் இரவு முழுதும் விவாதித்தோம். ஆளுக்குப் பத்துக் கிலோ என்பது எங்களுக்குள் ஒப்பந்தம். முகக்கண்ணாடி, இரண்டு மாற்றுடை, மருந்து, ஒரு பொட்டலம் பருப்புப்பொடி. மற்றவையெல்லாம் வீட்டிலேயே தங்கிவிட்டன.

“இந்த வயதில் இது என்ன விளையாட்டு?” என்று உறவினர் கேட்டனர். விளையாட்டு தொடங்கியது அந்தமானில். முன்பு ஹேவ்லாக் என்று வழங்கிய சுவராஜ் தீவில் சில நாள் பயிற்சி பெற்று, பதினெட்டு மீட்டர் ஆழம்வரை செல்லலாம் என்ற சான்றிதழையும் வாங்கியிருந்தோம். கடலின் அடியை ஒருமுறை கண்டவர்களுக்கு அதன் மேற்பரப்பு மட்டும் போதுவதில்லை.

பாரிஸிலிருந்து எட்டு மணி நேரத்துக்கு மேல் பறந்தால் குவாதலூப் வருகிறது. வரைபடத்தில் இறக்கை விரித்த வண்ணத்துப்பூச்சி போலத் தோன்றும் இத்தீவு, 1946 முதல் பிரான்ஸ் நாட்டின் ஒரு மாவட்டம். நாணயம் யூரோ, பேச்சு பிரெஞ்சும் கிரியோலும். கிழக்கு இறக்கை தாழ்ந்த சுண்ணாம்பு நிலம். மேற்கு இறக்கை மழைக்காடு போர்த்திய மலை. அம்மலையின் உச்சியில், 1467 மீட்டர் உயரத்தில், சூஃப்ரியேர் எரிமலை மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது. பெரிய விடுதிகள் எங்கள் பணப்பைக்கு எட்டாதவை. அடுப்பு வசதியுள்ள ஓர் அறையை எடுத்துக்கொண்டு, சந்தையில் காய் வாங்கி, நாங்களே சோறு வடித்தோம். பேருந்துக்காகச் சாலையோரம் நெடுநேரம் நின்றோம். மூட்டை சுமந்து நடப்பவர்களுக்கு ஒரு பேறு உண்டு: ஊர்க்காரர்கள் அவர்களோடு பேசுவார்கள்.

மூழ்குவது தமிழனுக்குப் புதிதன்று. தூத்துக்குடிக் கடலில் முத்துக் குளித்தவர்கள் கல்லின் கனத்தைத் துணைகொண்டு, நெஞ்சு நிறைந்த ஒரே மூச்சோடு இறங்கினார்கள். மேலே படகில் கயிற்றைப் பிடித்திருப்பவன் மனைவியின் உடன்பிறந்தவனாக இருப்பது வழக்கம் என்பர். தங்கையின் தாலி அவன் கையில் இருக்கிறதல்லவா! 1943இல் பிரான்சில் கூஸ்தோ என்ற கடற்படை அதிகாரியும் காஞான் என்ற பொறியாளரும் உருவாக்கிய கருவி, அந்த ஒரே மூச்சை ஏறத்தாழ ஒரு மணி நேரமாக நீட்டித் தந்தது. முதுகிலுள்ள உருளையில் இருப்பது ஆக்சிஜன் என்று பலர் எண்ணுகிறார்கள். அன்று, நாம் நாளும் சுவாசிக்கும் இதே காற்றுதான், ஏறத்தாழ இருநூறு மடங்கு அழுத்தி அடைக்கப்பட்டிருக்கிறது. பத்து மீட்டர் இறங்கினால் நம்மீது அழுத்தம் இரு மடங்கு. இருபது மீட்டரில் மும்மடங்கு. அதே கணக்கில் காற்றும் விரைந்து தீர்கிறது. ஆழம் செல்லச் செல்ல, கொண்டுவந்த இருப்பு சுருங்குகிறது என்பது கடல் கற்பிக்கும் முதற்பாடம்.

தீவின் மேற்குக் கரையில் மலந்தூர் என்னும் கருமணற் கடற்கரை. எதிரே பிழோன் என்ற பெயரில் இரு குறுந்தீவுகள். அவற்றைச் சூழ்ந்த கடல் தேசியப் பூங்காவின் பாதுகாப்பில் இருக்கிறது. மக்கள் அதைக் கூஸ்தோவின் பெயராலேயே அழைக்கின்றனர். அவருடைய மார்பளவுச் சிலையொன்று நீரடியில் நிற்கிறது. படகின் விளிம்பில் அமர்ந்து பின்புறமாகச் சாய்ந்து விழுந்தோம். கணநேரம் வெண்ணுரை, பிறகு நீலம். பீப்பாய் அளவு பருத்த கடற்பஞ்சுகள், விசிறி விரித்தாற்போல் அசையும் பவளங்கள், பாறையைக் கொறிக்கும் கிளிமீன்கள், எங்களைப் பொருட்படுத்தாமல் பல்லாங்குழி ஆடும் கிழவியைப் போலத் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்த ஓர் ஆமை. ஆழத்தில் சிவப்பு நிறம்தான் முதலில் மறைகிறது. சாம்பல் பூத்துக் கிடந்த ஒரு கடற்பஞ்சின்மீது வழிகாட்டி விளக்கைக் காட்டினார். அது செக்கச் செவேலென்று எரிந்தது. நிறம் எங்கும் போய்விடவில்லை. அதைக் காட்டும் ஒளிதான் அங்கே வந்து சேரவில்லை.

சிங்கமீன் ஒன்றையும் கண்டோம். அந்தமானில் அது நம் வீட்டுக்காரன். அங்கே அதைக் கண்டு மகிழ்ந்திருக்கிறோம். இக்கடலுக்கு அது அந்நியம். 1980களில் ஃபுளோரிடாக் கரையில் முதலில் காணப்பட்டு, பின்னர் கரீபியன் முழுவதும் பரவிவிட்டது. அதைத் தின்னும் பகை இங்கே போதிய அளவு இல்லாததால் சிறு மீன்களையெல்லாம் தின்று தீர்க்கிறது என்று, கண்ட இடத்தில் ஈட்டியால் குத்துகிறார்கள்.

நீருக்கடியில் சொல் இல்லை. கட்டைவிரலும் சுட்டுவிரலும் வட்டமாகச் சேர்ந்தால் நலம். கட்டைவிரலை உயர்த்தினால் மேலே போகவேண்டும் என்று பொருள். தரையில் பாராட்டாக இருப்பது அங்கே விடைபெறுதலாகிறது. இருபத்தைந்து ஆண்டு இல்லறத்தில் ஆயிரம் சொல் செலவழித்தும் தீராத விவகாரங்கள் உண்டு. கடலடியில் நாங்கள் நாற்பது நிமிடத்துக்குப் பத்துச் சைகைகளோடு ஒருமித்து வாழ்ந்தோம். அங்கே கயிறு பிடிக்க மைத்துனன் இல்லை. ஒருவர் மூச்சுக்கு மற்றவரே கயிறு. ஒருவர் உருளை தீர்ந்தால் மற்றவருடைய உருளையிலிருந்து சுவாசிக்க இரண்டாவது குழாய் எப்போதும் தொங்கிக்கொண்டிருக்கிறது.

மூழ்கி எழுந்தவர்கள் உடனே விமானம் ஏறலாகாது. இரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் வெளியேற ஒரு நாளாவது தரையில் தங்கவேண்டும். அந்த ஓய்வு நாளில்தான், பேருந்து மாறிக் கிழக்குக் கரையிலுள்ள காபெஸ்தேர்-பெல்-ஓ என்ற ஊருக்குச் சென்றோம். வழியெங்கும் வாழைத் தோட்டம். கடைப் பலகைகளிலும் அஞ்சற் பெட்டிகளிலும் பிரெஞ்சு எழுத்தில் பெயர்கள்: ராமசாமி, முத்துசாமி, வீரப்பன். உச்சரிப்பு பிரெஞ்சு, உள்ளிருப்பவன் நம்மவன்.

1848இல் பிரெஞ்சுத் தீவுகளில் அடிமை முறை ஒழிந்தபின், கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. 1854 டிசம்பர் 24ஆம் நாள் ‘ஓரேலி’ என்ற கப்பல் முதல் இந்தியர்களை இங்கே கொண்டுவந்து இறக்கியது. அடுத்து வந்த முப்பத்தைந்து ஆண்டுகளில் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வந்தனர். அவர்களில் மிகப் பலர் புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பல் ஏறியவர்கள். ஐந்தாண்டு ஒப்பந்தம் என்று கையொப்பமிட்டவர்களில் பெரும்பாலோர் ஊர் திரும்பவில்லை. இவ்வூரில் 1863இல் பிறந்த ஆன்ரி சிதம்பரம், இந்தியர் பிள்ளைகளின் பெயர்களை வாக்காளர் பட்டியலில் சேர்ப்பதற்காக 1904இல் தொடங்கிய போராட்டத்தை 1923வரை விடாமல் நடத்தி, அவர்களுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமையை உறுதிசெய்தார். தில்லைப் பெயர் தாங்கிய ஒருவர் அட்லாண்டிக் கரையில் வழக்காடி வென்ற கதை நம் பாடநூல்களில் இல்லை.

ஊருக்கு அருகே ஷாஞ்சி என்னுமிடத்தில் வண்ணச் சுதைகள் நிறைந்த கோயில். உள்ளே மாரியம்மன், இங்கே அவள் பெயர் ‘மாலியேமேன்’. மதுரை வீரன் ‘மால்தெவிலேன்’ ஆகியிருக்கிறான். பூசாரி ‘பூசாரி’யாகவே இருக்கிறார், மத்தளம் ‘மத்தலோன்’ ஆகியிருக்கிறது. தெருவோர உணவுக்கடையில் ‘கொலொம்போ’ என்று கறிக்குழம்பு விற்கிறார்கள். கொழும்பு நகரின் பெயர் அது என்பாரும் உளர். குழம்பே அப்படித் திரிந்தது என்பாரும் உளர். உண்ட நாங்கள் இரண்டாம் கட்சி.

கோயில் நிழலில் ஒரு முதியவர் அமர்ந்திருந்தார். நாங்கள் இந்தியர் என்று அறிந்ததும் எழுந்து நின்றார். பேத்தியின் துணையோடு, எங்கள் அரைகுறைப் பிரெஞ்சும் அவளுடைய ஆங்கிலமுமாகப் பேச்சு நடந்தது. பை ஒன்றிலிருந்து பழைய நோட்டுப் புத்தகத்தை எடுத்தார். தந்தை வாய்வழி கேட்டுப் பாடியதை அவர் பிரெஞ்சு எழுத்தில் எழுதி வைத்திருந்தார். படித்துக் காட்டினார். முதலில் ஒன்றும் விளங்கவில்லை. இரண்டாம் முறை மெல்லப் படித்தபோது, சேறு படிந்த நீர் தெளிவதுபோல் ஒரு சொல் எழுந்தது: ‘தாயே’. சற்றுப் பின், ‘பிள்ளை’. அதற்கும் பின், ‘காப்பாத்து’. நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் உரக்கச் சொன்னோம். அவர் திடுக்கிட்டார். பொருள் என்ன என்று கேட்டார். சொன்னோம். பேனா எடுத்து, நடுங்கும் கையால், ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே பிரெஞ்சில் எழுதிக்கொண்டார். பிறகு சொன்னார்: “ஐம்பது ஆண்டுகளாகப் பொருள் தெரியாமலே அவளிடம் சொல்லி வருகிறேன். நான்தான் அறியவில்லை, அவள் அறிந்திருப்பாள்.”

கப்பலேறியவர்கள் கொண்டுவந்தது ஒரே மூச்சு. அதை மீண்டும் நிரப்பிக்கொள்ள அவர்களுக்கு நூல் இல்லை, ஆசிரியர் இல்லை, ஊர்க் கடிதமும் அரிது. அப்படியும் நூற்றெழுபது ஆண்டு தாங்கியிருக்கிறது. நமக்கோ ஒன்றரை நாள் ரயிலில் ஊர். ஞாயிறுதோறும் சங்கத்தில் தமிழ் வகுப்பு. எனினும் நம் வீடுகளில் பாட்டி கேட்கும் கேள்விக்குப் பேரன் இந்தியில் விடை சொல்வதை யாவரும் அறிவோம். அவனைக் கடிவதால் பயனில்லை. துணைக்குழாயை அவன் கைக்கெட்டும் இடத்தில் தொங்கவிடுவதே கூட மூழ்குபவரின் கடமை.

முதியவரின் நோட்டில் எங்களுக்குப் பிடிபடாத வரிகள் இருபதுக்கு மேல் இருந்தன. அனுமதி பெற்றுப் படமெடுத்து வந்திருக்கிறோம். சில சொற்கள் தெருக்கூத்து மொழியைப்போல் தோன்றுகின்றன. தென்னார்க்காடு, காரைக்கால் பக்கத்துக் கோயிற் பாடல்களைக் கேட்டு வளர்ந்த மூத்தோர் இம்மலரின் வாசகரிடையே இருப்பர். வரும் ஞாயிறுகளில் சங்க நூலகத்தில் அந்தப் பக்கங்களோடு அமர்ந்திருப்போம். ஒரு சொல் விளங்கினாலும், அன்றே அத்தீவுக்கு எழுதுவோம்.